தவளைக்கு ஒரு பாட்டில்

எங்கள் தொழிலில் படி ஏறும்போது ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டோம். ‘கனமா இருக்கு’ என்ற வார்த்தை. பீரோவோ ஃப்ரிட்ஜோ, எதுவானாலும் ரெண்டு பேர்தான் தூக்குவோம். மேலே இருப்பவன் பின்பக்கமாகவே படி ஏறுவான். கீழே இருப்பவன் நெஞ்சில் தாங்கிக்கொண்டு வருவான். அந்த நேரத்தில் ஒருத்தன் அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்தவனுக்கும் கை விட்டுப்போகும். எனக்குத் தெரிந்தே ஒரு வாஷிங் மெஷின் அப்படி உருண்டு ஒருத்தன் காலை வாங்கியிருக்கிறது. அதனால் முடியாதபோது ‘நில்லு’ என்று மட்டும் சொல்வோம். இறக்கி வைப்போம், மூச்சு விடுவோம், பிடியை மாற்றுவோம். ஏன் நிற்கச் சொன்னாய் என்று யாரும் கேட்கிறதில்லை.

என் மாப்பிள்ளை அந்த வார்த்தையை முதலில் சொன்னது படியில் இல்லை. நடுரோட்டில், சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு தண்ணீர் பாட்டிலைப் பார்த்துச் சொன்னான்.

மாப்பிள்ளை என்றால் என் மனைவியின் தம்பி. நாற்பது தாண்டியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறான். வேலையில் எனக்கு ஜோடியும் அவன்தான். என் மனைவி அவனைத் தவளை என்று கூப்பிடுவாள். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவனுக்குத் தொண்டை காய்ந்துகொண்டே இருக்கும். பேசுவதற்கு நடுவில் குடிப்பான், சாப்பாட்டுக்கு நடுவில் குடிப்பான், தூக்கத்தில் எழுந்து குடிப்பான். சைக்கிளில் போகும்போது கேட்கவே வேண்டாம். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் குனியாமலே கீழே விட்டு, குறுக்குக் கம்பியில் மாட்டியிருக்கும் பாட்டிலை உருவி, அண்ணாந்து ரெண்டு மடக்கு ஊற்றிக்கொண்டு, பார்க்காமலே திரும்ப மாட்டிவிடுவான். பெடல் ஒரு சுற்றுக்கூடத் தப்பாது.

சைக்கிள்தான் அவனுக்கு எல்லாம். படியில் மற்றவர் சொல்கிறபடி ஏறி இறங்குகிறவன், ரோட்டுக்கு வந்துவிட்டால் வேறு ஆள். முதுகு நிமிர்ந்துவிடும். வாயில் ஒரு சீட்டி வந்துவிடும்.

எங்களுக்குச் சைக்கிள் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. சாமான் வண்டியில் டிரைவருக்கும் சாமானுக்கும் மட்டும்தான் இடம். வீடு மாறுகிறவர் சொல்லும் விலாசத்துக்கு நாங்கள் சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும். ஊரின் இந்த மூலையில் மாடியிலிருந்து இறக்கி, அந்த மூலையில் மாடிக்கு ஏற்ற வேண்டியிருக்கும்.

அன்றைக்குப் பாலத்தின் ஏற்றத்தில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். பாட்டிலை உருவினான். சில்வர் பாட்டில். வாய் வரைக்கும் கொண்டுபோனான். அதற்கு மேல் கை ஏறவில்லை. பாட்டில் நழுவி ரோட்டில் விழுந்து உருண்டது. பின்னால் வந்த லாரி அதன் மேலேயே ஏறிப் போயிற்று. அப்பளமாக நசுங்கிக் கிடந்தது. லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி எங்கள் ரெண்டு பேரின் அம்மாவையும் விசாரித்துவிட்டுப் போனான்.

“என்ன மாப்ள, தூக்கமா?” என்றேன்.

“இல்ல மாமா. கனமா இருக்கு.”

“எது?”

“பாட்டில்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நேத்து ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ மூணாவது மாடிக்கு ஏத்தின கைக்குத் தண்ணி பாட்டில் கனமா? போடா.”

அவனும் சிரித்தான். ஆனால் வலது கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

வீட்டில் போய் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வேடிக்கை மாதிரி லாரிக் கதையைச் சொல்லிவிட்டேன். என் மனைவி கையில் வைத்திருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

“லாரிக்கும் உனக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருந்துச்சு?” என்று தம்பியைக் கேட்டாள்.

“நிறைய இருந்துச்சுக்கா. ஒரு யானை போகலாம்.”

“யானையாவது பூனையாவது. ஏங்க, நீங்க சொல்லுங்க.”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“சரி, இனிமே நீ தனியா ஓட்ட வேணாம். மாமாவோட கேரியர்ல உட்கார்ந்து போ.”

“கேரியர்லயா? அதுக்கு என்னையும் ஒரு பீரோன்னு சொல்லி வண்டில ஏத்தி அனுப்புக்கா. செத்தாலும் நான் கேரியர்ல உட்கார மாட்டேன்.”

“வாயக் கழுவு!”

கடைசியில் அக்காவும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குற்றம் பாட்டில் மேல்தான். கைக்கு அடங்குகிற, லேசான பாட்டில் ஒன்று வாங்க வேண்டும். அது கையில் நின்றால் சைக்கிள் ஓட்டலாம். இன்னொரு தடவை விழுந்தால் சைக்கிளுக்குப் பூட்டு, சாவி அக்காவிடம்.

“பாட்டில் விழுந்தா சொல்லிடுவீங்களா மாமா?” என்று அவன் தனியாக என்னைக் கேட்டான்.

“உங்க அக்கா என் முகத்தப் பார்த்தே கண்டுபிடிச்சிருவா. நான் எங்க சொல்றது?”

இப்போது யோசித்தால், எங்களைத் தவிர வேறு யாரும் ஒரு பாட்டிலின் மேல் இப்படிப் பழியைப் போட்டிருக்க மாட்டார்கள். எங்கள் தொழிலில் சாமான் தூக்க முடியாவிட்டால் ஆளைப் பார்க்கிற வழக்கம் இல்லை. சாமானைத்தான் பார்ப்போம். பீரோவிலிருந்து இழுப்பறைகளை உருவுவோம், ஃப்ரிட்ஜின் தட்டுகளை வெளியே எடுப்போம், கட்டிலைக் கழற்றுவோம். எவ்வளவு பெரிய சாமானையும் குறைத்துவிடலாம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அப்படியே பாட்டிலையும் குறைக்க ஆரம்பித்தோம்.

முதலில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். ஏதோ குளிர்பானம் வந்த காலி பாட்டில். லேசுதான், பிடித்தால் மளுக்கென்று அமுங்கும் அளவுக்கு லேசு. ஆனால் பாட்டில் மாட்டுகிற கம்பிக் கூட்டில் நிற்கவில்லை. மேடு பள்ளத்தில் துள்ளிக்கொண்டு ரெண்டு தடவை சாக்கடைப் பக்கம் போய்விட்டது. அதற்கு ஒரு ரப்பர் வளையம் போட்டோம். அப்புறம் அவனுக்கு மூடியைத் திருக வரவில்லை. அவன் பல்லால் கடித்துத் திருகினான். மூடியைக் கடித்துக்கொண்டு, தண்ணீரைக் குடிக்க எங்கே வாய்? மூடியை எங்கே வைப்பது?

“மூணாவது கை வேணும் மாமா. அதையும் கடைல கேட்டுப் பாருங்க,” என்றான்.

என் மனைவி பாதித் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். அவன் தவளை ஆயிற்றே. அந்தப் பாதி பாலம் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும். அப்புறம் வேலை செய்கிற வீட்டில் போய்க் கேட்க வேண்டும். சில வீடுகளில் கொடுப்பார்கள், சில வீடுகளில் வெளிக் குழாயைக் காட்டுவார்கள்.

அதனால் ஒரு சாயங்காலம் வேலை முடிந்ததும் பெரிய சைக்கிள் கடைக்குப் போனோம். எங்கள் மாதிரி ஆட்கள் டியூபுக்கும் பெல்லுக்கும் போகிற கடை இல்லை அது. உள்ளே குளிர் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சைக்கிள்களைத் துணி மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்கப் பாட்டில். கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

“எந்த ரேஸுக்குத் தயாராகுறீங்க?” என்று அவனைக் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் மனசு புண்படுகிற கிண்டல் இல்லை.

“மாமாவ முந்துற ரேஸுங்க. தினமும் நடக்குது. இன்னும் தோத்தது இல்ல.”

அந்த அம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் வைத்தார். அலுமினியத்தில் ஒன்று, ரெண்டு சுவர் வைத்துத் தண்ணீரைச் சில்லென்று வைத்திருக்கிற மாதிரி ஒன்று, இடுப்பு ஒடுங்கிய மெல்லிய பிளாஸ்டிக்கில் ஒன்று. நான் ரெண்டு கையிலும் ரெண்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அப்புறம் ஒட்டியிருந்த சீட்டை எடுத்துப் படித்தேன். எனக்கு எழுத்து வந்தது மீசை நரைத்த பிறகு. கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன்.

“மாமா படிச்சு முடிக்கறதுக்குள்ள ஷட்டரப் போட்டுருவாங்க,” என்றான் மாப்பிள்ளை.

“நீ சும்மா இருடா. இதுல எழுதியிருக்கு, இதுதான் இருக்கறதுலயே லேசு.”

கடைக்கார அம்மா தலையை ஆட்டினார். “பாட்டிலுக்குப் பாட்டில் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லங்க. கனம் எல்லாம் உள்ள இருக்கற தண்ணிதான். பெரிசு வாங்கினா எவ்வளவு லேசா இருந்தாலும் ரொப்பினா கனக்கும். சின்னதா ரெண்டு வாங்கிக்கோங்க. இது மெத்துன்னு இருக்கும் பாருங்க. மூடியத் திருக வேணாம். இந்த மூக்க பல்லால இழுங்க, அண்ணாந்து அமுக்குங்க. தண்ணி தானா வாய்க்கு வரும்.”

மாப்பிள்ளை இடது கையை நீட்டி வாங்கினான். நான் பார்த்தேன். எல்லாப் பாட்டிலையும் இடது கையால்தான் வாங்கியிருக்கிறான். வலது கை பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. “வலது கையாலயும் பிடிச்சுப் பாரு,” என்றேன். எடுத்தான், பிடித்தான். சுண்டுவிரல் பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது.

“நல்லா நிக்குது மாமா,” என்றான்.

ரெண்டு வாங்கினோம். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அவன் இடது கைக்குப் பழகிக்கொண்டான். பாட்டிலை உருவுவான், மூக்கைக் கடிப்பான், அமுக்குவான். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். ஒரு நாள் எனக்குப் பக்கத்தில் வந்து என் காதுக்குள் அடித்துவிட்டுப் பறந்துவிட்டான். “ரேஸ்! ரேஸ்!” என்று கத்திக்கொண்டே போனான். என் மனைவி ரெண்டு பாட்டிலையும் வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஜன்னலில் கவிழ்த்து வைப்பாள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

படியில்தான் கணக்கு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவன் எப்போதும் மேலே, நான் எப்போதும் கீழே. கீழே இருப்பவனுக்குத்தான் சுமை ஜாஸ்தி. அது தெரிந்ததுதான். ஆனால் அந்த மாதங்களில் எல்லாச் சாமானும் என் நெஞ்சுக்கே வந்தது. மேலே பிடி இருக்கிற மாதிரியே தெரியவில்லை. அடிக்கடி ‘நில்லு’ என்றான். நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் இல்லையே. வயசாகுது எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வீட்டில் மூன்று கதவு பீரோ. மரம். இழுப்பறை எல்லாம் உருவியாயிற்று, கண்ணாடிக் கதவைக் கழற்றியாயிற்று. இதற்கு மேல் குறைக்க அதில் ஒன்றும் இல்லை. ரெண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோவைச் சாய்த்துத் திருப்பவேண்டிய இடம். மேலேயிருந்து ரொம்ப மெதுவாக, காதில் ரகசியம் சொல்கிற மாதிரி, “மாமா, கனக்குது,” என்றான்.

“நில்லு. நில்லுடா. என் மேல விடு. மொத்தமா என் மேல விடு,” என்றேன். பீரோ என் தோளில் வந்து உட்கார்ந்தது. முட்டியைச் சுவரில் கொடுத்து, ஒரு படி, இன்னொரு படி என்று பின்னால் இறங்கி, திருப்பத்தில் சாய்த்து வைத்தேன். வீட்டுக்கார அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “சுவத்துல கீறல் விழாமப் பாருங்க,” என்றார்.

“விழாதும்மா,” என்றேன்.

அவன் படியில் உட்கார்ந்திருந்தான். கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தான். நான் அந்தக் கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எங்கள் ஆட்களுக்கெல்லாம் உருண்டையாக, கோழிமுட்டை மாதிரி சதை இருக்கும். அவனுக்கு அங்கே குழி விழுந்திருந்தது. முழங்கைக்கு மேலே தோலுக்கு அடியில் என்னவோ துடித்துத் துடித்து அடங்கியது, உள்ளே புழு நெளிகிற மாதிரி.

“எவ்வளவு நாளாடா?”

“பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடியே மாமா.”

“ஏண்டா சொல்லல?”

“சொன்னேனே. பாலத்துல சொன்னேன்ல.”



ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பார்த்தார். முட்டியில் சுத்தியலால் தட்டினார். நாக்கை நீட்டச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். தன்னுடைய ரெண்டு விரலை அவன் கையில் கொடுத்து, “நல்லா அமுக்குங்க,” என்றார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினான். “அமுக்குங்க,” என்றார் மறுபடியும். அவன் அமுக்கிக்கொண்டுதான் இருந்தான். அப்புறம் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்க்கிற சோதனை, படம் எடுக்கிற சோதனை என்று பல தடவை அலைந்தோம்.

கடைசியில் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். கைக்கு உத்தரவு கொண்டுவருகிற நரம்புகள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வருகின்றன. நரம்பு காய்ந்தால் சதையும் கரையும். இப்போது ஒரு கை. அப்புறம் இன்னொன்று. அப்புறம் கால். எவ்வளவு நாளில் என்று சொல்ல முடியாது. வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மருந்து உண்டு, திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை.

“நாங்க முன்னாடியே வந்திருந்தா?” என்று என் மனைவி கேட்டாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

“வந்திருந்தாலும் இதேதாம்மா. அப்படி எல்லாம் நினைச்சுக்காதீங்க.”

அந்த டாக்டரம்மாவுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அந்த ஒரு பதில் இல்லாவிட்டால் என் வீட்டில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்த்திருக்க முடியாது.

மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். “சைக்கிள் ஓட்டலாமாங்க?”

“பிரேக் பிடிக்க வருதா?”

அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் பாட்டில், பாட்டில் என்றே அலைந்திருக்கிறோம். அவன் சைக்கிளில் வலது பக்கப் பிரேக் ஒன்றுதான் பிடிக்கும், அதை நினைக்கவே இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவன் செருப்பு ரெண்டும் ஏன் முன்பக்கம் மட்டும் அப்படித் தேய்ந்திருக்கிறது என்று. காலை ரோட்டில் இழுத்து இழுத்து நிறுத்தியிருக்கிறான். இறக்கத்தில்கூட.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி நேராகப் போய்ச் சைக்கிளைப் பூட்டினாள். சாவியை எடுத்துத் தாலிச் செயின் பின்னில் மாட்டிக்கொண்டாள். அவன் முன்னறையில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

முதலாளி எனக்கு வேறு ஜோடி போட்டார். பலசாலி, நல்ல பையன்தான். ஆனால் நான் ‘நில்லு’ என்றால் “ஏன்?” என்று கேட்பான்.

வீட்டில் மாப்பிள்ளை யாரோடும் பேசாமல் ஆகிவிட்டான். அவன் கோபப்பட்டால்கூட எனக்குப் பரவாயில்லை. பாத்திரத்தைத் தூக்கி எறியட்டும். எறியத்தான் கை இல்லையே, இடது கையும் பிடி விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர்கூடக் கேட்டுக் குடிக்கவில்லை. தவளை தண்ணீர் கேட்காமல் கிடந்தான். என் மனைவி டம்ளரைக் கொண்டுபோய் வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவன் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

“என்னடா வேணும் உனக்கு? சொல்லித் தொலை.”

“ஒண்ணும் வேணாம்.”

“உங்க அக்கா அழுதுட்டே இருக்கா.”

சுவரைப் பார்த்தபடியே சொன்னான். “மாமா, நான் சைக்கிள விட்டு எறங்கலயே. அவ சாவிய எடுத்துக்கிட்டா. அவ்வளவுதான் நடந்துச்சு. நான் இன்னும் எறங்கல. ஒரு தடவ ஓட்டி, நானா எறங்கிடறேன். அப்புறம் கேக்க மாட்டேன்.”

“பிரேக்?”

அவன் எழுந்து உட்கார்ந்தான். கண்ணில் பழைய ஆள் தெரிந்தான். “பிரேக்கே வேணாத இடம் ஒண்ணு இருக்கு மாமா. பாலம். இந்தப் பக்கத்துலேர்ந்து போனா முதல்ல சமதளம், அப்புறம் ஏத்தம். ஏத்தத்துல போகப் போகத் தானா வேகம் கொறஞ்சுரும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி தானா நின்னுரும். நான் கால ஊனுனா போதும். ஞாயித்துக்கிழமை லாரி வராது. யோசிச்சு வச்சிருக்கேன்.”

அத்தனை நாளும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்திருக்கிறான்.

நான் என் மனைவியிடம் போய்ச் சொன்னேன். முடியாது என்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பின்னைக் கழற்றிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். “நான் பார்க்க வர மாட்டேன்,” என்றாள். அப்புறம் உள்ளே போய் வெள்ளைப் பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து, அவன் சைக்கிளின் கம்பிக் கூட்டில் மாட்டினாள். ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

பாலத்துக்கு ரெண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு நடந்தே போனோம். சமதளத்தில் அவன் ஏறி உட்கார்ந்தான். நான் சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். வலது கையை ஹேண்டில்பார் மேல் எடுத்து வைத்தேன். அது அங்கே சும்மா இருந்தது.

“விட்டுருங்க.”

“விடட்டுமா?”

“மாமா, விடுங்கன்னா.”

விட்டேன். முதலில் கொஞ்சம் அலைபாய்ந்தது. அப்புறம் நேரானது. கால் நன்றாக இருந்ததே, மிதித்தான். நான் என் சைக்கிளில் ஏறித் துரத்தினேன். பிடிக்க முடியவில்லை. உண்மையாகவே முடியவில்லை. அன்றைக்கு நான் விட்டுக்கொடுக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, சட்டை காற்றில் உப்பி, சீட்டி அடித்துக்கொண்டு போனான். ஏற்றம் வந்தது. வேகம் குறைந்தது. அவன் சொன்ன மாதிரியே, உச்சிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் சைக்கிள் நடை வேகத்துக்கு வந்து, இன்னும் மெதுவாகி, நின்றது. ஒரு காலை ஊன்றினான். மறு காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டான். இறங்கிவிட்டான்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். சைக்கிளை இடுப்பால் தாங்கியிருந்தான்.

“தோத்துட்டீங்க,” என்றான்.

“ஆமாடா. தோத்துட்டேன்.”

“தொண்ட காயுது.”

இடது கையால் பாட்டிலைத் தொட்டான். விரல் அதன் மேல் இருந்தது, மடங்கவில்லை. என்னைப் பார்த்தான். தண்ணீர் ஊற்றிவிடச் சொல்லி அவனாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் உருவி, பாட்டிலின் மூக்கை என் பல்லாலேயே இழுத்து, அவன் வாயில் வைத்து அமுக்கினேன். என் கைக்கு அளவு தெரியவில்லை. தண்ணீர் மூக்கெல்லாம் அடித்து, சட்டை நனைந்து, அவனுக்குப் புரையேறிவிட்டது. இருமி இருமிச் சிரித்தான்.

“மாமா, இது பீரோ இல்ல. மெதுவா.”

மறுபடி வைத்தேன். ரெண்டு விரலால் மட்டும் அமுக்கினேன். ஒரு மடக்கு. அவன் விழுங்குகிற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் இன்னொரு மடக்கு. கீழே ரோடு காலியாகக் கிடந்தது. பாட்டில் தீருகிற வரைக்கும் அங்கேயே நின்றோம்.

திரும்பி வரும்போது ரெண்டு சைக்கிளையும் நான் தள்ளினேன், பக்கத்துக்கு ஒன்று. அவன் முன்னால் நடந்தான். கேரியரில் உட்காருகிறாயா என்று நான் கேட்கவில்லை.

என் மனைவி வாசலில் நின்றாள். பார்க்க வர மாட்டேன் என்றவள் தெரு முனை தெரிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவன் நடந்து வருவதையும், நான் ரெண்டு சைக்கிளோடு வருவதையும் பார்த்தாள்.

“விழுந்தியா?” என்றாள்.

“இல்லக்கா. எறங்கினேன்.”

“நீயாவா?”

“நானாத்தான்.”

அவள் தலைப்பால் அவன் முகத்தையும் நனைந்த சட்டையையும் துடைத்தாள். “குழந்த மாதிரி ஊத்திக்கிட்டு வந்திருக்கான் பாருங்க,” என்று என்னைத் திட்டினாள். அவன் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

நான் சைக்கிள்களைச் சந்தில் நிறுத்தப் போனேன். அங்கே சுவரோரமாக ஒன்றை ஒட்டி ஒன்றுதான் நிறுத்த முடியும். காலையில் முதலில் கிளம்புகிறவன் அவன். அதனால் எப்போதும் என் சைக்கிளை உள்ளே விட்டு, அவனுடையதை வெளிப்பக்கம் நிறுத்துவோம். கைப்பழக்கத்தில் என்னுடையதைத்தான் முதலில் உள்ளே தள்ளினேன். அப்புறம் அதை வெளியே எடுத்து, அவனுடையதை உள்ளே விட்டேன்.